காத்திருக்கும் நேரத்தையும் எழுதுங்கள்: மலைக்குப் படமெடுக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும், தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், புரொடக்ஷன் மேனேஜர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பேர் மறந்திருந்தாலும் முகம் ஞாபகம் இருக்கும். ஆறு வயதில் என் பேருக்கு முன்னால் 'பேபி' சேர்த்து டைட்டிலில் போட்டீர்கள். பதினேழு வயதில் அந்தப் 'பேபி'யை எடுத்துவிட்டு நாயகி ஆக்கினீர்கள். படங்கள் குறைந்ததும் பாட வைத்தீர்கள். அப்புறம் கையில் மைக்கைக் கொடுத்து டிவியில் நிகழ்ச்சி நடத்தச் சொன்னீர்கள். முப்பது வருஷம் நான் சாப்பிட்ட சோறு உங்கள் தொழில் போட்ட சோறு. அந்த நன்றி இருக்கிறது. கோபமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் நடந்தது இது. என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு கற்றுக்கொள்ள ஏழு வயதுப் பாப்பா ஒருத்தி வருகிறாள். அம்மா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். அந்தத் தோட்டச் சரிவில் ஒரு யூனிட் இரண்டு நாள் படமெடுத்தது. நாயகியின் சின்ன வயதுக் காட்சிக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று தேடினார்கள், பாப்பாவைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. வீட்டிலும் சரி என்றார்கள். எந்த யூனிட், என்ன படம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்கள் தப்பித்துப் போவதற்காக இந்த மடல் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் அம்மா போன் செய்தார். "அக்கா, காலையில அஞ்சரைக்கு வந்தோம். ஒரு ஷாட் எடுத்தாங்க. அதுக்கப்புறம் உக்கார வெச்சிருக்காங்க. பாப்பாவுக்கு உடம்பு சுடுது. வீட்டுக்குப் போலாமான்னு கேட்டா, லைட் வரட்டும்ங்கறாங்க. நீங்க கொஞ்சம் வந்து பேசறீங்களா?"

சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். வளைவில் வேன் நின்றிருந்தது. ஜெனரேட்டர் சத்தம். யூனிட் ஆட்கள் எல்லோரும் ஜெர்கின், குல்லா, மப்ளர். வேன் கதவைத் தள்ளினேன். பாப்பா கையில்லாத மஞ்சள் ஃபிராக்கில், ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக, முகத்தில் மேக்கப்போடு, சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் எங்கும் பட்டுவிடாதபடி அம்மா தன் உள்ளங்கையை அவள் மோவாய்க்கு அடியில் வைத்துத் தாங்கிப் பிடித்திருந்தார்.

எனக்கு அதற்குமேல் கால் நகரவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

என் அம்மாவும் அப்படித்தான் பிடிப்பார். அப்பா குன்னூரில் வாடகைக் கார் ஓட்டினார், ஊட்டிக்கு வரும் யூனிட்டுகளுக்கு வண்டி விடுவார். அப்படி ஒரு யூனிட்டில் என்னைப் பார்த்துக் கூப்பிட்டதுதான் என் தொடக்கம். காலையில் மேக்கப் போட்டுவிட்டால் படுக்கக் கூடாது, சடை நசுங்கிவிடும். சாய்ந்து தூங்கக் கூடாது, கன்னத்தில் மடிப்பு விழும். தூங்கினாலே முகம் வீங்கிவிடும், தூங்காதே பாப்பா என்பார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தூக்கம் வந்தால் யார் என்ன செய்ய முடியும்? அம்மா மோவாயைத் தாங்கிக்கொள்வார். வலது கை மரத்துப்போனால் இடது கை. நான் விழித்துக்கொள்ளும்போது மோவாயில் மேக்கப் அழிந்திருக்கும். டச்சப் அண்ணன் வந்து அந்த இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றிவிட்டுப் போவார். மிச்சம் அம்மாவின் கையில் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும்போதும் அந்தக் கையில் பான்கேக் மேக்கப் வாசனை வரும். இந்த வயதிலும் அம்மாவை நினைத்தால் முதலில் வருவது அந்த வாசனைதான்.

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. கேமரா மாறிவிட்டது, ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது, டிரோன் வந்துவிட்டது. அந்தக் கை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

மேனேஜரிடம் போய்ப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி எடுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். "மேடம், அந்தப் பாப்பா இன்னைக்கு நடிச்சது மொத்தமே நாப்பது நிமிஷந்தான். மேகம் விலகலன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். குழந்தை எத்தனை மணிக்கு வந்தாள் என்று கேட்டேன். போனை எடுத்துத் தேடினார். எங்கும் எழுதி வைக்கவில்லை. மாலை ஆறே முக்காலுக்குத்தான் பேக்கப் சொன்னார்கள். காலை ஐந்தரையிலிருந்து பார்த்தால் பதின்மூன்றே கால் மணி நேரம். அவர் கணக்கில் நாற்பது நிமிஷம்.

விதி உங்களுக்குத் தெரியாதது இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்தது. அதையொட்டி 2017-ல் வந்த விதிகள் குழந்தைக் கலைஞர்களைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. எந்த மாவட்டத்தில் படப்பிடிப்போ அந்த மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சேர்ந்தாற்போல 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, படிப்பு விட்டுப்போகக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாள் இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பேரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். சினிமா, சீரியல், விளம்பரம், டிவி நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது, கையெழுத்தும் போடுகிறீர்கள். நமக்குள் தகராறு ஒன்றே ஒன்றில்தான். அந்த ஐந்து மணி நேரம் எப்போது தொடங்குகிறது? கேமரா ஓடும்போது மட்டும் என்பது உங்கள் கணக்கு. குழந்தை லொகேஷனில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து என்பது என் கணக்கு. என் கோரிக்கை இதுதான்: வந்த நேரம் முதல் போன நேரம் வரை எழுதுங்கள். காத்திருப்பதும் வேலை.

பெரியவர்களுக்கு நீங்கள் அப்படித்தானே கணக்குப் போடுகிறீர்கள்? லைட்மேன் காலையில் வந்து, மேகம் விலகாமல், சாயங்காலம் வரை ஒரு விளக்கைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அன்றைய சம்பளம் உண்டு, பேட்டா உண்டு. நேரம் தாண்டினால் அதற்கும் காசு. சங்கம் வைத்துப் போராடி வாங்கிய உரிமை அது, வாங்க வேண்டியதுதான். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுகூட உங்களிடம் குறிப்பு இருக்கும். ஏழு வயதுக் குழந்தைக்குச் சங்கம் கிடையாது. ஒரு நோட்டில் இரண்டு வரி கிடையாதா?

இந்த மலையில் இது இன்னும் பெரிய விஷயம். சென்னையில் ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் எடுத்தால் விளக்கைப் போட்டால் வெளிச்சம். இங்கே காலையில் பளிச்சென்று இருக்கும், பத்தரைக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தால் எதிரில் இருக்கும் தேயிலைச் செடி தெரியாது. பத்து நிமிஷம் விலகும், ஓடுங்கள் ஓடுங்கள் என்று ஒரு டேக் எடுப்பீர்கள், திரும்பவும் மூடிக்கொள்ளும். இங்கே படப்பிடிப்பு என்றாலே பாதி காத்திருப்புத்தான். அந்தக் காத்திருப்பு முழுக்கக் குளிரில். சட்டை மாற்றினால் கன்டினியூட்டி போய்விடும், முந்தைய ஷாட்டோடு ஒட்டாது என்று குழந்தைக்கு ஸ்வெட்டர்கூடப் போடவிடுவதில்லை. தோட்டத்தில் கழிப்பறை கிடையாது என்பதால் தண்ணீரும் அளந்துதான் கொடுக்கிறார்கள்.

கன்டினியூட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயதில் முன்பல் ஆடத் தொடங்கியது. படம் பாதியில் நிற்கிறது. பல் விழுந்தால் முந்தைய காட்சியோடு ஒட்டாது. கரும்பு கடிக்காதே, முறுக்கு கடிக்காதே, நாக்கால் தள்ளாதே என்று யூனிட்டே என் வாயைக் காவல் காத்தது. கடைசியில் ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது விழுந்தது. நான் அழுதேன். வலியில் இல்லை, படத்தைக் கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில். அன்றைக்கே கோயம்புத்தூர் கூட்டிப்போய் ஒட்டுப் பல் செய்து மாட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிந்துவிட்டுப் புதுப் பல்லுக்குக் காத்திருப்பார்கள். என் பல்லைக் கோ-டைரக்டர் அளவு பார்க்க ஒரு தீப்பெட்டியில் போட்டு வாங்கிப்போனார். திரும்ப வரவே இல்லை.

அப்புறம் பன்னிரண்டு வயதானது. 'பேபி'க்குப் பெரியவள், நாயகிக்குச் சின்னவள். போன் அடிப்பது நின்றது. ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் நின்றிருந்தது. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வில்தான் எழுதினேன். பதினேழில் நாயகியானபோது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் இருந்த இங்கிலீஷில் என் பேரும் தொகையும் மட்டும்தான் எனக்குப் புரிந்தன.

நம் சினிமாவில் இது புதிதில்லை. ஸ்ரீதேவி நாலு வயதில் நடிக்க வந்தார். 1976-ல், பதின்மூன்று வயதில், ரஜினிகாந்துக்குச் சிற்றன்னையாகும் வேடம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1984-ல் ரஜினியோடு குழந்தையாக நடித்த மீனா 1993-ல் அவருக்கே ஜோடி. இவர்கள் மகா திறமைசாலிகள், ஜெயித்தார்கள், நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஜெயித்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். என்னோடு அதே வருஷங்களில் 'பேபி', 'மாஸ்டர்' போட்டு நடித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவராவது சொல்ல முடியுமா?

பஸ்ஸில் கேத்தி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு 'மூன்றாம் பிறை' ஞாபகம் வரும். இந்தப் பக்கத்தில் எடுத்த படம், 1982-ல் வந்தது. அதில் நடித்த இருவருமே குழந்தை நட்சத்திரங்களாக வந்தவர்கள். கமல்ஹாசன் 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் வந்தார். ஸ்ரீதேவிக்கு 'மூன்றாம் பிறை' வரும்போது பதினெட்டு வயது. புத்தி குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிப்போன பெண்ணாக நடித்தார். சின்ன வயதை விளக்கு வெளிச்சத்தில் கழித்த ஒருவர், வளர்ந்த பிறகு கேமரா முன்னால் குழந்தையாக விளையாடுகிறார். ஊரே அதை நடிப்பு என்று கொண்டாடியது. எனக்கு மட்டும் அந்தப் படத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். டிவியில் சிறுவர் பாட்டுப் போட்டியை நான் நடத்தியிருக்கிறேன். எலிமினேஷன் ரவுண்டு எப்போதும் ராத்திரியில்தான் வரும். ஒரு எபிசோடு முடிந்து அடுத்த எபிசோடுக்கு உடை மாற்றி, செட் மாற்றி, நடுவர்கள் தயாராகி வரும்போது மணி ஒன்றாகிவிடும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தோற்றுப்போய் அழுதான். "மேடம், பக்கத்துல போங்க, தோள்ல கை வைங்க, அம்மாவப் பத்திக் கேளுங்க" என்று காதுக்குள் குரல் வந்தது. போனேன். கை வைத்தேன். கேட்டேன். அவன் இன்னும் அழுதான். அந்த எபிசோடுதான் நன்றாகப் போனது. அந்தப் பையனிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் இதைப் படித்தால், தம்பி, என்னை மன்னித்துவிடு.

அதனால் நான் வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருந்தவள், எப்படி நடக்கிறது என்று தெரிந்தவள் பேசுகிறேன். யாரும் குழந்தையை வதைக்க வேண்டும் என்று கிளம்பி வருவதில்லை. லைட் போய்விடும், நடிகர் தேதி முடிந்துவிடும், ரூம் வாடகை ஏறும். அந்த அவசரத்தில், எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் குழந்தை. அதனால் அத்தனை தாமதமும் கடைசியில் அவள் தலையில் வந்து விழுகிறது.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். பாப்பாவின் அம்மா கையில் இரண்டு நாளைக்கு ஐயாயிரம் ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தார்கள். வங்கிக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. இருபது சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய். ஆயிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது அவளுடையது. அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற பையன் 1921-ல் சாப்ளினோடு நடித்து உலகமெல்லாம் பேர் வாங்கினான். வளர்ந்து பார்த்தால் சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் காணோம். 1938-ல் பெற்ற தாய் மேலேயே வழக்குப் போட வேண்டியதாயிற்று. அந்த வழக்கின் சூட்டில்தான் 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்துக்குச் சட்டம் வந்தது. நம் விதி வந்தது 2017-ல். நான் பதினெட்டு வயதில் அப்பாவிடம் என் பாஸ்புக்கைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அக்கா கல்யாணம், வீட்டுக் கடன், இரண்டாவது கார். அப்பா கெட்டவர் இல்லை, குடும்பத்துக்குத்தான் செலவழித்தார். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. எந்த அப்பாவுக்கும் அந்த நிலை வேண்டாம்.

இன்னும் எவ்வளவோ சொல்லலாம். நீங்கள் போன பிறகு சரிவில் பேப்பர் கப்பும், பிளாஸ்டிக் பையும், சாப்பாட்டுத் தட்டும் கிடக்கின்றன. காட்டெருமை வந்து அதை மோந்து பார்க்கிறது. பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டம் இது. மலையேறும் சுற்றுலாக்காரர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். எத்தனை வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாவற்றுக்கும் கணக்கு. படத்தில் ஒரு குதிரை நடித்தால் விலங்கு நல வாரியத்தின் சான்று இல்லாமல் நீங்கள் சென்சாருக்குப் போக முடியாது. அதற்காகக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். குதிரைக்குச் சான்று வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதே அக்கறை லைன் வீட்டுக் குழந்தைக்கும் வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் ஏன் எனக்குக் குரல் உயர்கிறது? முப்பது வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன், அதனால்தான்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தமிழில் இருக்கட்டும். குழந்தையின் பேர், வந்த நேரம், மேக்கப் தொடங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், போன நேரம், இவ்வளவு போதும். வரும்போதும் போகும்போதும் குழந்தையைக் கூட்டி வந்தவர் கையெழுத்துப் போடட்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் கைநாட்டு வைக்கட்டும். அந்தப் பக்கத்தை அவர் போனில் படமெடுத்துக்கொள்ள விடுங்கள். ஐந்து மணி நேரம் ஆனதும், காட்சி முடிந்தாலும் முடியாவிட்டாலும், வண்டி வைத்து வீட்டில் விடுங்கள். மேகம் விலகவில்லையா, மறுநாள் எடுங்கள். அதற்கு ஆகும் செலவைப் படத்தின் செலவில் சேருங்கள், குழந்தையின் உடம்பில் சேர்க்காதீர்கள். வேனில் ஒரு கால் நீட்டிப் படுக்கிற சீட்டும், ஒரு கம்பளியும் இருக்கட்டும். சடை நசுங்கினால் திரும்பப் பின்னிக்கொள்ளலாம்.

வந்த நேரம் முதல் போன நேரம் வரை. வேறெதையும் நான் புதிதாகக் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்து அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை திரையில் தெரிந்தால் பெருமைதான், ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எங்கள் கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவியைத் தென்னாடே கொண்டாடுகிறது, நடிக்க வந்தபோதும் மருத்துவப் படிப்பை விடாமல் முடித்தவர். உங்கள் பிள்ளைக்கும் நேரம் வரும். அதுவரைக்கும் 'எத்தனை மணிக்கு விடுவீங்க?' என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படாதீர்கள். என் அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பயம்தான் காரணம்.

பாப்பாவுக்கு அன்று ராத்திரி நூற்றிரண்டு டிகிரி. நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு வந்தவள், "அக்கா, நான் நல்லா நடிச்சேனாம், டைரக்டர் அங்கிள் சொன்னாரு" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அவளுக்கு நடிப்புப் பிடித்திருக்கிறது. எனக்கும் அந்த வயதில் பிடித்திருந்தது. அவளைத் தடுக்க எனக்கு மனசில்லை.

அதனால் ஒரு உதவி செய்யத் தயாராக இருக்கிறேன். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாள் வேண்டும் என்று விதி சொல்கிறதே, ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நீங்கள் வரும்போது ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். காலை ஐந்து மணியானாலும் வருகிறேன். சம்பளம் வேண்டாம், பேட்டா வேண்டாம், ஒரு நாற்காலி போதும். நோட்டும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன்.

தயவுசெய்து கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய 'பேபி',
கோத்தகிரி